இரண்டாவது கட்டில்

பேஜரின் முதுகு மூடியை இர்யா ஹைக்கிலா கட்டைவிரல் நகத்தால்தான் திறப்பார். காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். எங்கள் சுவிட்ச்போர்டு அறையின் மேடைமேல் அதைக் குப்புறப் படுக்கவைத்து, மூடியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருக்கும் பென்சில் பேட்டரியை உள்ளங்கையில் விழவைப்பார். நேற்றுப் போட்ட பேட்டரிதான். இன்னும் மூன்று வாரம் தாங்கும். ஆனாலும் அதைச் சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, அதன் வயிற்றில் கறுப்புப் பேனாவால் அன்றைய தேதியை எழுதுவார். மை காய இரண்டு முறை ஊதுவார். உள்ளே வைத்து மூடியதும் பேஜர் தனக்குத் தெரிந்த ஒலிகளையெல்லாம் ஒருமுறை எழுப்பிக் காட்டும். அது முடியும்வரை காதோரம் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இடுப்பில் மாட்டி, மாட்டிய இடத்தை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்புவார்.

சிவப்பு டப்பாவில் சேரும் பேட்டரிகளை எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி ஜோசே வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவாள். அவள் பேரன்களின் பொம்மைகள் ஆறு வருஷமாக இர்யாவின் பயத்தில்தான் ஓடுகின்றன என்பாள்.

இர்யா மூச்சுக்காரர். மூச்சுக் கருவிகளையும் ஆக்ஸிஜனையும் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருபத்தாறு வருஷம். மருத்துவமனைக்குள் எங்காவது ஒருவருக்கு இதயம் நின்றால் அந்த வார்டு நர்ஸ் எங்கள் சிவப்புத் தொலைபேசிக்கு அழைப்பார். கோட் ப்ளூ என்பார், அறை எண் சொல்வார். ஜோசே ஒலிபெருக்கியில் மூன்று முறை சொல்வாள். நான் ஐந்து பேஜர்களுக்கு ஒரே நேரத்தில் அறை எண்ணைத் தட்டி அனுப்புவேன். அந்த ஐந்தில் ஒன்று இர்யாவின் இடுப்பில் இருப்பது. ஓடிப்போய் நோயாளியின் தலைமாட்டில் நின்று, வாயை மூடிய முகமூடியை அழுத்திப் பிடித்து, பையைப் பிசைந்து மூச்சு கொடுப்பது அவர் வேலை.

பேஜருக்குப் பதில் கைபேசி தருகிறோம் என்று நிர்வாகம் மூன்று முறை சொல்லிவிட்டது. மூன்று முறையும் கீழ்த்தளத்தில் கைபேசி செத்துப்போனது. பேஜர்தான் அங்கேயும் ஒலித்தது.

ஆனால் பேஜரிடம் ஒரு குணம் உண்டு. அது வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. நான் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா, யாராவது பார்த்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல. சத்தம் வராத கிணறு. அந்தப் பக்கம் இர்யாவுக்கு வேறு விதமான பயம். பேஜர் சும்மா இருந்தால், கட்டிடத்தில் யாரும் சாகவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் பேஜர் செத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எட்டு மணிக்கு மருத்துவமனை முழுவதற்குமான சோதனைச் செய்தி போகும். ஐந்து பேரும் அழைத்து, வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். இர்யாவுக்கு அது போதாது. ஏழு பத்துக்கே கீழ்த்தளத்தில் கருவிகள் கழுவும் அறைக்குப் போய்விடுவார். இருப்பதிலேயே மோசமான மூலை அது. ஒலிபெருக்கிகூட அங்கே கேட்காது. அங்கிருந்து என்னை அழைத்து, "ஒண்ணு அனுப்பு கோரி" என்று என் பெயர் சொல்லிக் கேட்பார். அனுப்புவேன். தொலைபேசி வழியாகவே அந்தப் பீப் ஒலி எனக்குக் கேட்கும். கிணற்றில் கல் விழும் சத்தத்தை நான் கேட்பது அந்த ஒரு முறைதான்.

முதல் வருஷம் 'சோதனை' என்று மட்டும் அனுப்பினேன். பிறகு எப்போதோ ஒரு நாள், நேரில் பேசத் தயங்குகிறவனுக்கு வரும் துணிச்சலில், நடந்து வரும்போது பார்த்ததைத் தட்டினேன். 'ஏரி புகைகிறது. மைனஸ் 29.' மறுநாள் இர்யா மேடையில் பேட்டரியை ஊதிக்கொண்டே, நேற்று அது புகையில்லை, காகித ஆலையின் நாற்றம் என்றார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். 'சாலையில் உப்புத் தூவும் வண்டிக்குப் பின்னால் ஒரு நரி.' 'பஸ் நிறுத்தத்தில் ஒற்றைக் கையுறை, கட்டைவிரல் மேலே.' ஜோசே என்னைக் கவிஞர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். கவிஞருக்கு ஒரே ஒரு வாசகர், அவரும் பேட்டரியில் ஓடுகிறார் என்பாள்.

இர்யாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த ஐந்து நிமிடங்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. அவர் அப்பா துறைமுகத் தானியக் கிடங்கில் முப்பது வருஷம் கோதுமைத் தூசி தின்றவர். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இழுக்கும் மூச்சை, வீட்டில் பேசும் ஃபின்னிஷ் தவிர வேறு மொழி தெரியாத ஐந்து வயசு இர்யா படுக்கையில் கிடந்தபடி எண்ணியிருக்கிறாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் வரும் மௌனம் நீளும்போது தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாளாம். அப்பா இருமினால்தான் தூக்கம்.

இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு மதியம், இர்யா சாப்பாட்டறையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பெண்ணுக்கு இதயம் நின்றது. பேஜர் ஒலிக்கவில்லை. பேட்டரி எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டறையின் ஒலிபெருக்கி அன்றைக்குப் பழுது. சூப்பை முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்து, நிதானமாக மேலே போனபோதுதான் தெரிந்தது, ஆறு நிமிடம் ஆகியிருந்தது. எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். விசாரணைக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். இர்யா அதற்குப் பிறகு பட்டாணி சூப் சாப்பிட்டதில்லை.

கணவர் ரைமோ இதை வைத்துக் கிண்டல் செய்வார். படகு மோட்டார் பழுதுபார்க்கிறவர். கைகள் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. சனிக்கிழமை சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், உடம்பில் ஒரு பொட்டுத் துணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இர்யாவின் கை இடுப்பைத் தட்டிப் பார்க்குமாம். பேஜர் மருத்துவமனையை விட்டு வெளியே வருவதில்லை, இருந்தாலும் தட்டுவார். "அங்க மாட்டணும்னா தோல்ல ஓட்டைதான் போடணும் பொண்டாட்டி" என்பாராம் ரைமோ. இதைச் சொல்லும்போது இர்யா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

போன பிப்ரவரியில் அந்த ரைமோவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஐஸில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்கள் அடைத்திருந்தன. அறுவை சிகிச்சை எங்கள் ஊரில் கிடையாது; பெரிய நகரத்துக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும். விமானம் தயார். ஆனால் ஏரிமேல் புயல் உட்கார்ந்துவிட்டது. திங்கள் முழுக்கப் பனி. செவ்வாய் முழுக்கப் பனி. ரைமோ நாலாம் மாடியில், 412ஆம் அறையில், காத்திருந்தார்.

திங்கள் காலை இர்யா வழக்கம்போல வந்து பேட்டரி மாற்றினார். இன்றைக்குமா என்று ஜோசே கேட்டாள். பிரிவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், மீதி ஒருத்தி தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு நகர முடியாது, வேறு யார் ஓடுவது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ரைமோ பயந்துவிடுகிறார் என்றார். "உன் மூஞ்சியைப் பாத்தாலே நான் செத்துட்ட மாதிரி இருக்கு, போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டாராம்.

அறையில் இரண்டு கட்டில்கள். கதவோரம் முதல் கட்டில் ரைமோவுக்கு; ஜன்னலோரம் இரண்டாவது கட்டில் ஆர்வில் என்ற கிழவருக்கு. எண்பத்துமூன்று வயசு, ரைமோவைவிட மோசமான இதயம். ஜன்னல் கிடைக்கவில்லையே என்றுதான் ரைமோவுக்குக் குறை என்றார் இர்யா. புயலைப் பார்த்துத் திட்டுவதற்கு ஜன்னல் வேண்டுமாம்.

பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாலு ஒண்ணு ரெண்டுன்னு இதுல வந்துச்சுன்னா, என் கால் ஓடுமான்னு எனக்குத் தெரியல."

நான் தட்டினால்தானே அந்த எண் அங்கே வரும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. அறை எண் மட்டும்தான் அனுப்ப வேண்டும்; கட்டில் எண் கூடாது. ஒரு காலத்தில் கட்டில் எண்ணும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண் கட்டிலுக்கு இல்லை, அது நிற்கும் இடத்துக்கு; நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளி இடம் மாற்றுவதோ அடிக்கடி நடக்கும். ஒரு தடவை உள்ளே ஓடி வந்தவர் எண்ணை நம்பித் தூங்குகிறவரின் நெஞ்சில் கை வைத்துவிட்டார். அதிலிருந்து அறை மட்டும். உள்ளே போனால் யாரென்று தெரிந்துவிடப்போகிறது, கண் இருக்கிறதே என்பது வாதம். ஆனால் உள்ளே போகிறவரைக்கும்?

செவ்வாய்க்கிழமை இர்யா என்னைப் பதினொரு முறை அழைத்தார். ஒண்ணு அனுப்பு. அனுப்பினேன். வானிலை எழுதப் பயமாக இருந்தது. பனி, விமானம் என்று எதைத் தொட்டாலும் அது ரைமோவிடம் போய் நின்றது. 'நலம்' என்று அனுப்பினேன். அப்புறம் அந்தச் சொல்லும் சரியில்லை என்று தோன்றி, பழையபடி 'சோதனை' என்றே அனுப்பினேன். ஜோசே கிண்டல் செய்யவில்லை. சிவப்புத் தொலைபேசி மேடையின் நடுவில் இருந்தது. இரண்டு நாளாக நாங்கள் இருவரும் காப்பிக் கோப்பையைக்கூட அதன் பக்கத்தில் வைக்கவில்லை.

புதன்கிழமை பனி நின்றது. காற்று நிற்கவில்லை. சாயங்காலம் விமானம் இறங்கலாம் என்று தகவல் வந்தது. மதியம் இரண்டேகாலுக்கு இர்யா அழைத்தார். கீழ்த்தளத்தில் இருக்கிறேன், ஒண்ணு அனுப்பு என்றார். அனுப்பினேன். பீப். "சாயங்காலம்னு சொல்றாங்க" என்றார். ஆமாம், கேள்விப்பட்டேன் என்றேன். தொலைபேசியை வைத்தார்.

இரண்டு இருபத்துமூன்றுக்குச் சிவப்புத் தொலைபேசி அடித்தது.

நான்தான் எடுத்தேன். நர்ஸின் குரல் ஓடுகிறவளின் குரலாக இருந்தது. "கோட் ப்ளூ. நாலாம் மாடி மேற்கு, நானூத்திப் பன்னெண்டு. ரெண்டாவது பெட்."

என் விரல்கள் என்னைக் கேட்காமலே 412 தட்டி ஐந்து பேருக்கும் அனுப்பிவிட்டன. ஜோசே ஒலிபெருக்கியில் சொல்லத் தொடங்கிவிட்டாள். அவள் குரல் கட்டிடம் முழுக்கக் கேட்கும், கீழ்த்தளத்தைத் தவிர. அங்கே இர்யாவுக்கு மூன்று எண்கள் மட்டும் போயிருக்கும்.

அப்போதுதான் நர்ஸ் கடைசியாகச் சொன்னது எனக்கு எட்டியது. இரண்டாவது கட்டில். ஜன்னலோரம். ஆர்வில். ஒரு கிழவரின் இதயம் நின்றதற்கு நான் நிம்மதிப்பட்டேன். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இர்யாவுக்கு அது தெரியாது. கீழ்த்தளத்திலிருந்து நாலாம் மாடிவரை படிக்கட்டு. லிஃப்ட்டுக்கு அவர் காத்திருக்க மாட்டார். அத்தனை படியும் தன் புருஷனின் சாவை நோக்கித்தான் ஓடுவார்.

இர்யாவின் பேஜருக்கு மட்டும் தனி எண் உண்டு. தினமும் காலையில் நான் தட்டுகிற எண். தட்டினேன். 'கட்டில் 2.'

ஜோசே என் திரையைப் பார்த்தாள். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"இது வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடும் கண்ணு."

தெரியும் என்றேன். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "நான் பாக்கல."

அதன் பிறகு எங்களுக்கு வேலை இல்லை. கோட் ப்ளூ ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்ச்போர்டுக்கு அதைப் பற்றி எதுவும் வராது. வருகை நேரம் எப்போது என்று யாரோ கேட்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இணைப்புக் கேட்டார்கள். கொடுத்தேன். இருபத்தாறு நிமிடம் கழித்து, முடிந்தது என்று வார்டிலிருந்து சொன்னார்கள். முடிந்தது என்றால் பிழைத்தார் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். அவர்கள் அதைச் சொல்வதில்லை.

மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் எழுத்தர் அழைத்தார். நோயாளி இடமாற்றம், குறித்துக்கொள் என்றார். 412லிருந்து வந்தவர், இப்போது எங்களிடம், ஏழாம் கட்டில். பெயர்: ஹைக்கிலா, ரைமோ.

திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுத்துக் கூட்டியும் சொன்னார்.

நர்ஸ் பதற்றத்தில் கட்டில் எண்ணைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படித்தான் பட்டது. அந்தத் தப்பை எடுத்து, விதியை மீறி, கட்டிடத்திலேயே அது போகக் கூடாத ஒரே ஆளுக்கு நான் அனுப்பியிருக்கிறேன். ஐந்து பேரில் நாலு பேர் அறை எண்ணை நம்பி ஓடியிருப்பார்கள். ஐந்தாவது ஆள், மூச்சைத் தருகிறவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பேஜரைப் பார்க்கிறார். கட்டில் 2. ஆர்வில். கைப்பிடியைப் பிடித்து ஒரு கணம் நிற்கிறார். நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்குகிறார். அப்புறம் மெதுவாக, இருந்த ஓட்டத்தில் பாதியாக, ஏறுகிறார். அங்கே தலைமாட்டில் யாரும் இல்லாமல் ரைமோ கிடக்கிறார்.

எத்தனை நொடி? பத்தா, இருபதா, ஒரு நிமிடமா? மூளைக்கு ஒரு நிமிடம் என்றால் என்ன என்பது இந்தக் கட்டிடத்தில் துடைப்பக்காரருக்கும் தெரியும்.

இர்யா அன்றைக்கு எங்கள் அறைக்கு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் விமானம் ரைமோவைக் கொண்டுபோனது; கூடவே அவரும் போனார். ரைமோ கண் திறந்தார் என்றார்கள். திறக்கவில்லை, மூச்சுக் கருவியில்தான் இருக்கிறார் என்றார்கள். பேசினார், ஆனால் இர்யாவை யாரென்று தெரியவில்லை என்று சலவைப் பிரிவில் யாரோ சொன்னதை ஜோசே கேட்டு வந்து என்னிடம் சொல்லாமல் இருக்கப் பார்த்தாள்; முடியவில்லை. யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது? கேட்டால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து வாரம். கோட் ப்ளூ பேஜரை வேறொருத்தி மாட்டிக்கொண்டாள். அவள் பேட்டரி மாற்றுவதில்லை. மூன்றாம் நாள் நானே அவளைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். அதிலிருந்து தினமும் நானே தேதி எழுதி, ஊதினேன். ஏழு பத்துக்கு என்னை அழைக்க யாரும் இல்லை. எட்டு மணிச் சோதனைக்கு நாலு பேர் உடனே அழைத்து, ஐந்தாவது ஆள் தாமதித்தால் நானே அவர் பிரிவுக்கு அழைத்துவிடுவேன். ஒவ்வொரு செய்திக்கும் அறை எண்ணை மூன்று முறை படித்த பிறகே அனுப்பினேன். படிப்பதிலும் நொடிகள் போகின்றன என்று அப்புறம் பயந்தேன். வீட்டில் புத்தகம் திறந்தால் வரிகளுக்கு நடுவில் அந்தப் படிக்கட்டுத்தான் இருந்தது.

மார்ச் கடைசியில், ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கதவு திறந்தது. இர்யா. இளைத்திருந்தார். பேஜரைக் குப்புறப் படுக்கவைத்து, நகத்தால் மூடியைத் தள்ளினார். உள்ளேயிருந்த பேட்டரியில் என் கையெழுத்தில் முந்தைய நாள் தேதி. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஜோசேதான் கேட்டாள், ரைமோ எப்படி என்று. வீட்டில் இருக்கிறார், நெஞ்சில் தையல் அரிக்கிறது என்று நாள் பூராவும் புலம்பல், நேற்று சமையல் மேடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டார், எல்லாத் திருகாணியும் இருக்கிறது, ஒன்று மட்டும் தன் காப்பியில் இருந்தது என்றார். ஜோசே சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்த சொற்கள் ஐந்து வாரத்தில் தேய்ந்து ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் பெயரை மட்டும் சொன்னேன்.

இர்யா பேட்டரியை ஊதிவிட்டு, மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குனிந்தார்.

"அன்னிக்கு நீ அனுப்பினதுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் கோரி. முதல் மாடி ஏறும்போதே வந்துடுச்சு. அதுவரைக்கும் அவரா, கிழவரான்னு ரெண்டு மனசா ஓடினேன். அது வந்ததும் அவர்தான்னு தெரிஞ்சுபோச்சு. அழவேண்டியதை மிச்சப் படியிலயே அழுது முடிச்சுட்டேன். வாசல்ல போய் நின்னப்போ என் கை நடுங்கல. உனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் தெரியல."

அவர் பேஜரை இடுப்பில் மாட்டி, இரண்டு விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனார்.

நர்ஸ் எதையும் தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கே கட்டில்கள் இடம் மாறியிருந்தன. ராத்திரியில் கழிப்பறைக்கு நடக்க முடியவில்லை என்று ஆர்வில் கதவோரம் கேட்டிருக்கிறார். ரைமோவுக்கு ஜன்னல் கிடைத்தது. சக்கரத்தின் பூட்டைக் காலால் தள்ளித் திறந்து, இரண்டு கட்டில்களையும் உருட்டி மாற்றி வைத்தது இர்யாதான்.